இந்தூர் தந்த எருக்குழி

தோட்டக்கலை பற்றி உலகில் எழுதப்பெற்ற நூல்கள் பலவற்றில் ஓர் இந்திய நகரத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது. அந்நகரம் இந்தூர். ஹோல்கார் மரபினரின் தலைநகர் என்றும், பருத்தி ஆலைகள் மிகுந்த ஊர் என்றும் நாம் அதனை அறிவோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுத் தோட்டம் போடுவோர் அப்பெயரை அறிந்தது வேறொரு காரணம் பற்றி. சருகும் கூளமும் சாணமும் சாம்பலும் முறையாகச் சேர்த்து, மூன்று திங்களில் கருமண் போன்ற எருவாக்கும் வழிக்கு 'இந்தூர் முறை' என்று பெயர்.

இன்று நம் காலனியில் 'இயற்கை உரம்' பொட்டலங்களில் வந்து இறங்குகிறது. ஐந்து கிலோ எருவுக்கு நாம் விலை கொடுக்கிறோம். அதே நாளில் நம் அடுக்களைக் கழிவையும் வேப்பஞ் சருகையும் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். அந்த எரு ஏதோ மேனாட்டுப் புதுமை என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். ஆகவே, இந்த ஆண்டு மலரில் எருக்குழியின் வரலாற்றை எடுத்துரைக்க விழைகின்றோம். மன்னர் வரலாற்றைப் போலவே இதுவும் நாட்டின் வரலாறேயாகும்.

தொழுவும் அடுப்பும்

எருவின் அருமை நம்மவர்க்குப் புதிதன்று. உழவுக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், உழுதலினும் எருவிடுதலை உயர்த்திப் பேசினார். தமிழகத்து உழவர் அறுவடைக்குப்பின் வயலில் ஆட்டுக்கிடை வைத்தனர். கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதனர். வேம்பு, புங்கு, ஆவாரை ஆகியவற்றின் தழையை நடவுக்குமுன் சேற்றில் மிதித்தனர். கோடையில் ஏரி குளங்களின் வண்டலை வாரி வயலுக்குச் சேர்த்தனர். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே மீட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை அவர்கள் ஏட்டில் படித்து அறியவில்லை, வாழ்ந்து அறிந்தனர்.

ஆயினும் இந்த ஒழுங்கில் ஓர் ஓட்டை இருந்தது. விறகு அரிதாகிய இடங்களில் சாணம் வறட்டியாகி அடுப்புக்குச் சென்றது. வடநாட்டுச் சமவெளியில் இது மிகுதி. 1889-ஆம் ஆண்டில் வோல்க்கர் என்னும் வேளாண் வேதியியல் அறிஞரைப் பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் நாடெங்கும் சுற்றி, 1893-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். இந்திய உழவன் அறியாமையால் சாணத்தை எரிக்கவில்லை, விறகில்லாமையால் எரிக்கிறான் என்பது அவர் கண்ட முடிவு. தொழிலறிவில் நம் உழவன் சராசரி ஆங்கில உழவனுக்குத் தாழ்ந்தவன் அல்லன் என்றும் அவர் எழுதினார். ஆண்ட இனத்தைச் சேர்ந்தவர் அந்நாளில் இங்ஙனம் எழுதியது குறிப்பிடத்தக்கது.

சாணம் பாதி அடுப்புக்குப் போனபின், எஞ்சிய பாதியைக் கொண்டு நிலம் முழுவதற்கும் எரு உண்டாக்குவது எப்படி? இந்தூர் முறை தோன்றியது இந்த வினாவுக்கு விடையாகவே.

பூசாவில் கற்ற பாடம்

1905-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார் பீகாரில் உள்ள பூசா என்னும் ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே அரசாங்கத்தின் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அப்போதுதான் உருவாகிக் கொண்டிருந்தது. தில்லியில் வாழும் தமிழர் நாள்தோறும் உச்சரிக்கும் 'பூசா' என்ற பெயர் இந்தப் பீகார்ச் சிற்றூரின் பெயரே. 1934-இல் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் அந்நிலையம் சிதைந்தது. 1936-இல் அது தில்லிக்குப் பெயர்ந்தபோது பழைய ஊரின் பெயரையும் உடன் கொண்டு வந்தது. பிறந்த ஊரின் பெயரைச் சுமந்து வந்து வாழும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

ஹோவர்டு பயிர்நோய் பயின்றவர். பூசாவைச் சுற்றியிருந்த உழவர் பூச்சிமருந்து எதுவும் தெளியாமலேயே நோயற்ற பயிர் விளைப்பதைக் கண்டு வியந்தார். அந்த உழவரையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாகக் கொண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். நலிந்த பயிரைத்தான் பூச்சி நாடும். மண் நலம் குன்றினால் பயிர் நலியும். மண்ணின் நலம் அதிலுள்ள மக்கில் இருக்கிறது. இதுவே அவர் வந்தடைந்த கொள்கை. அவருடைய மனைவியார் கேப்ரியல் ஹோவர்டு அம்மையாரும் தேர்ந்த தாவரவியலார். கணவருடன் சமமாக நின்று ஆராய்ந்தவர். பூசாவில் இருவரும் உருவாக்கிய கோதுமை வகைகள் வடநாட்டில் பெரும்பரப்பில் பயிராயின.

பூசாவில் பயிர் வளர்ப்போர் ஒரு துறை, நோய் ஆய்வோர் ஒரு துறை, பூச்சி ஆய்வோர் ஒரு துறை எனப் பிரிந்திருந்தனர். பயிரை வேர் முதல் விதை வரை ஒன்றாகக் காண வேண்டும் என்பது ஹோவர்டின் விருப்பம். அதற்கு வாய்ப்பாக 1924-இல் இந்தூரில் ஒரு நிலையம் அமைந்தது. பருத்தி ஆராய்ச்சிக்கான மத்தியக் குழுவும் மத்திய இந்தியச் சமஸ்தானங்களும் பொருள் உதவின; ஹோல்கார் அரசு 300 ஏக்கர் நிலம் வழங்கியது.

எருக்குழியின் இலக்கணம்

மால்வா நாட்டு நிலம் கரிசல். மழையில் சேறாகிக் காலைப் பற்றும். கோடையில் வெடித்துப் பாளமாகும். அதற்கு மக்கு வேண்டும். நிலையத்தில் இருந்தவை 40 எருதுகள். அவற்றின் சாணத்தை மட்டும் நம்பினால் 300 ஏக்கருக்கு எம்மூலைக்குப் போதும்? எனவே பயிர்க் கழிவு முழுவதையும் எருவாக்க முற்பட்டனர்.

பருத்திமார், துவரைமார் முதலியவை எளிதில் மக்கா. அவற்றைப் பண்ணைப் பாதைகளில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி நொறுங்கச் செய்தனர். நொறுங்கிய கூளத்தைத் தொழுவத்தில் எருதுகளுக்குப் படுக்கையாக விரித்தனர். சாணமும் மூத்திரமும் படிந்த அப்படுக்கையை நாள்தோறும் வாரினர். தொழுவத்தின் தரை மண்தரை. மூத்திரம் ஊறிய அம்மண்ணையும் அவ்வப்போது வெட்டியெடுத்து, புதுமண் இட்டனர். இவற்றுடன் விறகுச் சாம்பலும் சேர்ந்தது.

குழி 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழம். அதில் கூளத்தை அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கின்மீதும் சாணம், மூத்திர மண், சாம்பல் ஆகியவற்றைக் கரைத்த நீரைத் தெளித்தனர். பிழிந்த துணியின் ஈரமே அளவு. ஈரம் மிகுந்தால் காற்றுப் புகாது அழுகி நாறும். குறைந்தால் வேலை நின்றுவிடும். சில நாளில் குழி தானே கொதிக்கத் தொடங்கும். இரண்டு வாரத்தில் ஒருமுறை, ஒரு திங்களில் ஒருமுறை, இரண்டு திங்களில் ஒருமுறை எனக் குழியை மூன்று தடவை புரட்டிப் போட்டனர். மூன்றாம் திங்கள் முடிவில் எரு ஆயத்தம். கோடையின் அனற்காற்றில் ஈரம் காக்கவே குழி. மழைக்காலத்தில் நீர் தேங்கும் ஆதலால் அப்போது தரைமேல் குவியலாகவே அமைத்தனர்.

அறிவியல் நோக்கில் இதன் உட்பொருள் எளிது. கூளத்தில் கரிச்சத்து மிகுதி, நைட்ரஜன் என்னும் தழைச்சத்துக் குறைவு. கரிச்சத்து 33 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்னும் அளவில் கலந்தால், காளானும் நுண்ணுயிரும் விரைந்து வேலை செய்து, இறுதியில் அது பத்துக்கு ஒன்று என்னும் அளவுக்கு வந்து நிற்கும். சாணமும் மூத்திரமும் தழைச்சத்துக்காக, சாம்பல் புளிப்பை மாற்றுவதற்காக, புரட்டுவது காற்றுக்காக. இந்த வழியில் 40 எருதுகள் உள்ள அந்நிலையம் ஆண்டுக்குச் சுமார் 1,000 வண்டி எரு உண்டாக்கியது.

இம்முறையை விளக்கும் நூல், 'வேளாண்மையின் கழிவுப் பொருள்கள்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1931-இல் வெளிவந்தது. அட்டையில் இருவர் பெயர் உண்டு: ஆல்பர்ட் ஹோவர்டு, யஷ்வந்த் வாட். வேதியியல் கணக்குகளில் துணைநின்ற இந்த இந்தியரின் பெயரைப் பின்வந்த மேனாட்டு நூல்கள் பல மறந்துவிட்டன. கேப்ரியல் அம்மையார் நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே, 1930-இல் மறைந்தார். எருதுகளின் படுக்கையை நாள்தோறும் வாரிய தொழிலாளர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இவர்கள் அனைவரையும் நினைத்தல் நம் கடன்.

கோவையும் குன்னூரும்

இந்த வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. தொழுவுரம் இட்ட நிலத்தையும், இரசாயன உரம் இட்ட நிலத்தையும், எதுவும் இடாத நிலத்தையும் அருகருகே வைத்து ஆண்டுதோறும் ஒப்பிடும் நிலையான உரச் சோதனை கோயமுத்தூரில் 1909-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. அது நூறாண்டைக் கடந்துவிட்டது. இத்தகைய நெடுங்காலச் சோதனைகள் உலகில் மிகச் சிலவே.

நீலகிரிக் குன்னூரில் இராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவ அறிஞர் உணவுச் சத்தினை ஆராய்ந்து வந்தார். கோவையின் வேளாண் வேதியியலார் விசுவநாத்துடன் சேர்ந்து, தொழுவுரத்தில் விளைந்த தானியமும் இரசாயன உரத்தில் விளைந்த தானியமும் உடலுக்கு ஒரே வகையாகப் பயன்படுகின்றனவா என்று சோதித்தார். தொழுவுரத் தானியத்துக்கே சத்து மிகுதி என்று 1926-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வை ஹோவர்டு தம் கொள்கைக்குத் துணையாகக் கொண்டார். பிற்கால ஆய்வுகள் எல்லாம் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லுதல் நேர்மை. ஆயினும், மண்ணின் நலத்தையும் உண்பவர் நலத்தையும் சேர்த்து எண்ணிய தொடக்க கால ஆய்வுகளுள் ஒன்று நம் கோவையிலும் குன்னூரிலும் நிகழ்ந்தது என்பது நிலைத்த செய்தி.

கடல் கடந்த பெயர்

1931-இல் ஹோவர்டு தாயகம் திரும்பினார். 1940-இல் அவர் எழுதிய பெருநூல் மேனாட்டில் புயலைக் கிளப்பியது. அமெரிக்காவில் ரோடேல் என்பார் 1942-இல் இயற்கைத் தோட்டக்கலைக்கென ஒரு திங்களிதழ் தொடங்கினார். இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபர் சீமாட்டியார் 1943-இல் 'உயிருள்ள மண்' என்னும் பொருள்படும் நூலை எழுதினார். 1946-இல் அங்கே மண் காப்புக்கென ஒரு கழகமே தோன்றியது. இந்தியா விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டின் அக்டோபரில் ஹோவர்டு காலமானார். அவர் மறைந்தபோது, இந்தூர் என்னும் பெயர் கடல்கடந்த புழக்கடைகளில் வழங்கிக் கொண்டிருந்தது.

தாயகத்திலும் முயற்சி இல்லாமற் போகவில்லை. 1935-இல் இந்தி மாநாட்டுக்காக இந்தூர் சென்ற காந்தியடிகள் இந்நிலையத்தைப் பார்வையிட்டார். அவ்வாண்டிலேயே 'ஹரிஜன்' இதழில் அம்முறை விளக்கப்பெற்றது. தஞ்சையில் 1892-இல் பிறந்து, இலண்டனிலும் அமெரிக்காவிலும் கற்று, வார்தாவில் கிராமத் தொழில்களுக்காக வாழ்ந்த ஜே.சி. குமரப்பா, 1945-இல் எழுதிய நூலில் ஓர் அரிய பாகுபாடு செய்தார். நிலக்கரியும் பெட்ரோலும் தேக்கிவைத்த செல்வம், எடுக்க எடுக்கத் தீரும். மண்வளமும் மரமும் ஓடிவரும் செல்வம், சுழற்சி அறாதவரை தீராது என்பது அவர் கருத்து. வெளிமாநிலத்தில் வாழ்ந்த இத்தமிழரின் சிந்தனையில் எருக்குழிக்குத் தத்துவமே கிடைத்தது எனலாம்.

1943-இல் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கம் அந்நாளில் எழுந்தது. ஊர்க் குப்பையையும் கழிவையும் அகழிகளில் அடுக்கி, புரட்டாமலே மக்கவைக்கும் முறை பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் ஆச்சார்யா என்பவரால் உருவாகி, 'பெங்களூர் முறை' எனப் பெயர் பெற்றது. 1947 டிசம்பரில் தில்லியில் எருவுக்கென்றே ஓர் அனைத்திந்திய மாநாடும் கூடியது.

பின் ஏன் எருக்குழி மறக்கப்பட்டது? இதில் எவரையும் பழிப்பதற்கில்லை. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல்களில் வந்த கோதுமையை எதிர்நோக்கி நாடு நின்றது. அந்நாளில் உணவு அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியமும், தில்லிப் பூசாவில் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதனும், பிறரும் முயன்று உயர்விளைச்சல் விதைகளைக் கொணர்ந்தனர். அவ்விதைகள் இரசாயன உரத்தை வேண்டின. நாட்டின் பசி தணிந்தது. 1950–51-இல் ஏறத்தாழ 70,000 டன்னாக இருந்த உரச்சத்துப் பயன்பாடு, 2020–21-இல் மூன்று கோடி டன்னைக் கடந்தது. மண்வளம் பேணாது விளைச்சலை மட்டும் பெருக்கினால் நிலம் பாழாகும் என்று சுவாமிநாதனே 1968 ஜனவரியில் காசியில் கூடிய அறிவியல் மாநாட்டில் எச்சரித்தார். எச்சரிக்கையை அந்நாளில் கேட்டவர் சிலரே.

பின்னர் மேனாட்டிலிருந்து 'ஆர்கானிக்' என்னும் சொல் முத்திரையோடும் விலையோடும் திரும்பி வந்தது. பூசா உழவரிடம் கற்றதை வெளிநாட்டார் ஒருவர் அளந்து எழுத, அது உலகெங்கும் சுற்றி, பெற்றோருக்கே அந்நியமான பிள்ளைபோல் வீடு வந்து சேர்ந்தது. தமிழகத்தில் நம்மாழ்வார், 2013-இல் மறையும்வரை, இப்பிள்ளையை நம்மவர்க்கு மீண்டும் அறிமுகம் செய்யும் பணியிலேயே ஊர் ஊராக நடந்தார். சிக்கிம் மாநிலம் 2016-இல் முழுவதும் இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இந்தூர் நகரமும், வீட்டுக்கு வீடு ஈரக் கழிவையும் உலர்ந்த கழிவையும் பிரித்து வாங்கும் ஒழுங்கினால், 2017 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் நாட்டின் தூய்மை வரிசையில் முதலிடம் பெற்றது. கடைசி ஆண்டில் அவ்விடத்தைச் சூரத்துடன் பகிர்ந்து கொண்டது.

நம் கொல்லை

இவ்வரலாற்றிலிருந்து நம் குடியிருப்பு பெறத்தக்கது யாது? நம் முன்னோர் வடபுலத்துக் குடியிருப்புகளுக்கு வந்தபோது முதலில் தேடியது கறிவேப்பிலைக் கன்று. அடுத்தது முருங்கைப் போத்து. குளியலறை நீர் பாயும் இடத்தில் வாழை நட்டனர். மார்கழிக் குளிரில் முருங்கை கருகும். பங்குனியில் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். அவர்கள் அறிந்த 'தன்னிறைவு' அவ்வளவே. ஆயினும் அது சிறிதன்று. குளிர்காலத்தில் வெந்தயக் கீரையும் முள்ளங்கியும் கொத்தமல்லியும், கோடையில் வெண்டையும் பீர்க்கும் புடலும் கடைக்குப் போகாமலே கிடைத்தன. பத்தடி நிலம் அரிசியும் பருப்பும் தாராது. அப்படி ஆசை காட்டுவது பொய். ஆனால் அன்றாடக் கீரையையும் காயில் ஒரு பங்கையும் நிச்சயம் தரும்.

இன்று அந்தக் கொல்லைகள் குறைந்து வருகின்றன. பழைய குவார்ட்டர்ஸ் இடிந்து மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. எஞ்சிய மண்ணிலும் வண்டி நிறுத்தச் சிமெண்டு பூசப்படுகிறது. ஒரு தலைமுறை எரு செய்யாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது பொட்டலத்துப் பொருள். வீட்டில் பேசாத மொழிக்கும் இதுவே நேர்கிறது என்பதை நம் சங்கத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

செய்முறை கடினமன்று. மூன்றடி நீளம், அகலம், ஆழம் உள்ள ஒரு குழி நான்கைந்து குடும்பங்களுக்குப் போதும். மாடிவீட்டார் பக்கமெல்லாம் துளையிட்ட ஒரு பழைய டிரம்மையோ மண்தொட்டியையோ கொள்ளலாம். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு உலர்ந்த சருகு இடுக. ஒவ்வோர் அடுக்கின்மீதும் ஒரு கைப்பிடி பழைய எருவோ தோட்டத்து மண்ணோ தூவுக. கிடைத்தால் சாணக் கரைசல் தெளிக்க. எண்ணெய்ப் பண்டமும் இறைச்சியும் வேண்டா. பிழிந்த துணியின் ஈரம், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள், அறுபதாம் நாள் புரட்டுதல் என்னும் இந்தூரின் இலக்கணம் இங்கும் செல்லும். குளிர்காலத்தில் மட்டும் மூன்று திங்கள் நான்கைந்து ஆகும். தோட்டி என்று ஒதுக்கப்பட்டவரின் வேலை இது என்னும் பழைய எண்ணத்தை நம் வீட்டு வாசலிலேயே விட்டொழிக்க வேண்டும். காந்தியடிகள் எருவைப் பற்றிப் பேசியதில் பாதி இதற்காகவே.

சருகை எரிக்கும் வழக்கத்தையும் விடுதல் வேண்டும். தில்லியில் 2015 முதல் அது தடைசெய்யப்பட்ட செயல். தடை இல்லாத ஊரிலும், ஒரு கூடைச் சருகை எரிப்பது மண்ணின் உணவை எரிப்பதேயாகும்.

சங்கத்தின் உறுப்பினர் பெருமக்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. சிமெண்டு இன்னும் எட்டாத ஓர் ஓரத்தில் பொதுவாக ஓர் எருக்குழி அமைப்போம். அதன் புரட்டல் நாள்களைப் பிள்ளைகள் குறித்து வைக்கட்டும். தமிழ் வகுப்புக்கு வரும் சிறாருக்குக் கூளம், மக்கு, தழை, எரு என்னும் சொற்களை அக்குழியருகே நிறுத்திக் கற்பிப்போம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அக்குழி மூன்று முறையேனும் எரு ஈனும். அதில் விளைந்த கீரை விழாச் சாப்பாட்டின் ஓர் இலையிலேனும் இடம்பெறும்.

மண் வளம் ஓங்குக! மனை நலம் ஓங்குக!